சந்து சந்தாக நடந்த பேராசிரியர்

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஊரில் செய்தி பரவினால் இரண்டு விதமான பேச்சு எழும். வண்டி வைத்திருப்பவர்கள் நல்ல காரியம் என்பார்கள். ரோட்டோரம் குடியிருப்பவர்களோ, தங்கள் வீட்டுச் சுவரில் அளவுக்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஓடுவார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தின் பக்கம் நின்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாதாடிய வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. தஞ்சாவூர்ச் சந்துகளில் வெயில் பாராமல் நடந்தவர். மதுரை வீதிகளைக் கண்டு வியந்தவர். பம்பாய் சர்வகலாசாலையில் 5 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். சர் பாட்ரிக் கெடிஸ் என்பது அவர் பெயர். நகர அமைப்புக் கலையின் தந்தையரில் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. நம்மவர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. நமக்கு அவ்வளவு நெருங்கிய மனிதரை நாம் அறியாமல் இருப்பது சரியல்ல என்றே இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

பாங்கி வேலையை விட்டவர்

ஸ்காட்லாந்து நாட்டில் பாலட்டர் என்ற சிற்றூரில் 1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி கெடிஸ் பிறந்தார். தந்தை பட்டாளத்தில் இருந்தவர். குடும்பத்தில் கெடிஸ்தான் கடைக்குட்டி. பெர்த் என்ற ஊரில் ஒரு குன்றின் ஓரத்தில் இருந்த வீட்டில் வளர்ந்தார். தோட்டமும் மலைச்சரிவும்தான் அவருக்கு முதல் பள்ளிக்கூடம்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் பையனை பாங்கியில் சேர்த்துவிட்டார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை. எந்தத் தகப்பன்தான் அதை வேண்டாம் என்பார்? கெடிஸ் ஒன்றரை ஆண்டு காலம் கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளினார். பிறகு அதை விட்டுவிட்டார். செடி கொடிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்தார். பாடம் சொல்லும் முறை பிடிக்கவில்லை. ஒரே வாரத்தில் வெளியேறி லண்டனுக்குப் போய், புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் மாணவரானார். கடைசி வரை அவர் ஒரு பட்டமும் வாங்கவில்லை. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இரண்டு எழுத்துகூட இல்லாதவர் பிற்காலத்தில் இரண்டு கல்லூரிகளில் பேராசிரியர் பதவி வகித்தார்.

1879-ம் ஆண்டு ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குப் போனார். அங்கே கண்ணில் கோளாறு ஏற்பட்டுப் பார்வை போய்விட்டது. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். வயது 25. பார்வையை நம்பியே வாழும் விஞ்ஞானிக்கு இதைவிடப் பெரிய இடி வேறு வேண்டுமா? ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களை விரலால் தடவிப் பார்த்து, அந்தக் கட்டங்களில் தன் எண்ணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துச் சிந்திக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் கண்ணைப் பதித்து வேலை செய்யும் பலம் இல்லாமல் போயிற்று. செடிகளைப் பார்த்தவர் மனிதர்கள் வாழும் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார். கட்டம் கட்டமாகத் தாளை மடித்து வைத்துக்கொண்டு யோசிக்கும் வழக்கம் மட்டும் சாகும் வரை அவரை விடவில்லை.

சேரிக்குக் குடிபோன தம்பதி

1886-ம் ஆண்டு கெடிசுக்குத் திருமணம் நடந்தது. மனைவி ஆன்னா, லிவர்பூல் நகரத்து வணிகர் ஒருவரின் மகள். இசை தெரிந்தவர். வசதியான வீட்டுப் பெண்.

எடின்பரோ நகரில் அப்போது பழைய ஊர், புது ஊர் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. காசு உள்ளவர்கள் புது ஊருக்குப் போய்விட்டார்கள். பழைய ஊரில் ஏழைகள், அடுக்கு மாடிகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். நம் பம்பாய் சால்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கெடிஸ் தம்பதியர் புது ஊரை விட்டுவிட்டு, பழைய ஊரில் ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தைச் சுற்றியிருந்த குடியிருப்புக்குக் குடிபோனார்கள். சொந்தக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கே போய் அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. தங்கள் வீட்டைக் கழுவினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு சிலர் உதவிக்கு வந்தார்கள். இடிந்து விழும் நிலையில் இருந்த கட்டடங்களை மட்டும் அகற்றி, அந்த இடத்தில் காற்றும் வெளிச்சமும் வரச் செய்தார்கள். மற்ற கட்டடங்களைப் பழுது பார்த்தார்கள். குப்பை கொட்டிய காலி மனைகள் சிறு தோட்டங்கள் ஆயின. கடன் சுமை அவர் கழுத்தை நெரித்தது. நண்பர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துப் பொறுப்பை ஏற்றதால் தப்பினார். பணக்கணக்கில் கெடிஸ் கெட்டிக்காரர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பாங்கி வேலை ஒத்துவராததில் ஆச்சரியம் இல்லை.

1888-ல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மிச்ச மாதங்கள் எல்லாம் ஊர்களுக்கு. 1892-ல் எடின்பரோ கோட்டைக்கு அருகே உயரமான கட்டடம் ஒன்றை வாங்கி, அதை நகரத்தைப் பற்றிய பொருட்காட்சி சாலையாக்கினார். அதன் உச்சியில் ஓர் இருட்டறை. கண்ணாடி வழியே ஊர் முழுவதும் ஒரு வெள்ளை மேஜையின் மேல் படமாக விழும். தெருவில் நடப்பவர்கள்கூட அதில் அசைவார்கள். திட்டம் போடுவதற்கு முன்னால் ஊரைப் பார், அங்கே வாழும் மனிதனைப் பார் என்பதுதான் அவர் ஊட்ட விரும்பிய பாடம்.

எம்டன் மூழ்கடித்த சரக்கு

அந்தக் காலத்தில் சென்னை கவர்னராக இருந்தவர் பென்ட்லண்டு பிரபு. அவரும் ஸ்காட்லாந்துக்காரர். கெடிஸ் நடத்திவந்த நகரக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி அழைத்தார். பல ஆண்டுகள் அலைந்து சேர்த்த வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் அடங்கிய கண்காட்சி அது. 1913-ல் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தில் பரிசு பெற்றது. மூட்டை கட்டிக் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். கெடிசும் அவர் மூத்த மகன் அலாஸ்டரும் வேறு கப்பலில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அது 1914-ம் ஆண்டு. முதல் உலக யுத்தம் தொடங்கியிருந்தது. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னை மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டதுதான். பொல்லாத ஆளை எம்டன் என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சு அதிலிருந்து வந்தது. அதே எம்டன் அடுத்த மாதம் மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்ட் கப்பலைப் பிடித்து மூழ்கடித்தது. கெடிசின் வாழ்நாள் சேமிப்பு கடலுக்குள் போயிற்று.

அவர் உட்கார்ந்து அழவில்லை. சீமையில் இருந்த நண்பர்களுக்குச் செய்தி போயிற்று. அவர்கள் ஓடியாடிப் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்பினார்கள். 1915-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

தஞ்சையிலும் மதுரையிலும்

அதன்பின் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி சர்க்கார் கேட்டுக்கொண்டது. அவர் தஞ்சாவூர், மதுரை, பெல்லாரி என்று ஊர் ஊராகப் போனார்.

தஞ்சாவூரில் நெருக்கமான குடியிருப்புப் பகுதி ஒன்றில், நேர்க்கோடாகப் புதுத் தெருக்கள் வெட்ட அதிகாரிகள் திட்டம் வைத்திருந்தார்கள். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கோடு நேராகத்தானே போகும்! அந்தக் கோட்டுக்கு அடியில் யார் வீட்டு அடுப்பு இருக்கிறது, யார் வீட்டுக் கிணறு இருக்கிறது என்பது தாளில் தெரியாது.

கெடிஸ் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எது இடிந்து கிடக்கிறது, எந்த மனை காலி, எங்கே மரம், எங்கே கோயில், எங்கே கிணறு என்று குறித்துக்கொண்டார். களைத்துப்போகும் வரை நடக்காமல் இந்த வேலை நடக்காது என்பது அவர் கொள்கை. நடந்து முடித்தபின் அவர் சொன்ன முடிவு எளிமையானது. புதுத் தெருவே வேண்டாம். இருக்கிற சந்துகளை, மூலை முடுக்கில் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் போக்குவரத்துக்குப் போதும். யாரும் குடியிராமல் பாழடைந்து நிற்கும் வீடுகளை மட்டும் எடுத்தால், காலி மனைகளோடு சேர்ந்து சிறு சிறு திறந்தவெளிகள் கிடைக்கும். அங்கே மரம் வைத்தால் நிழல்; பிள்ளைகள் விளையாடலாம்; பெரியவர்கள் உட்காரலாம். எல்லா வீட்டுக்கும் காற்று வரும். செலவோ, அதிகாரிகள் போட்ட கணக்கில் சிறு பகுதிதான்.

இந்த முறைக்கு அவர் வைத்தியத்திலிருந்து ஒரு பெயர் எடுத்தார். நல்ல டாக்டர் கையில் கட்டி வந்தால் கையையே வெட்டமாட்டார். கட்டியை மட்டும் கீறி எடுத்து, உடம்பைக் காப்பாற்றுவார். ஊருக்கும் அதுபோன்ற ரண சிகிச்சைதான் வேண்டும் என்றார்.

அவர் காட்டிய காரணங்களில் ஒன்று இன்றைக்கும் குடித்தனக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். நெரிசலைக் குறைப்பதாகச் சொல்லி வீடுகளை இடிக்கிறார்கள். இடிபட்ட வீட்டுக்காரன் ஆகாயத்துக்கா போவான்? பக்கத்துத் தெருவில் போய் அடைவான். அங்கே ஓர் அறையில் நான்கு பேர் இருந்தது எட்டுப் பேர் ஆகும். வாடகை ஏறும். நெரிசல் குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். இன்னொன்று வெயில். நம் நாட்டு வெயிலுக்குக் குறுகிய சந்து நிழல் தரும். தேவைக்கு மீறி அகலமான ரோடு புழுதியைத்தான் தரும், அதைப் பராமரிக்கவும் வரிப்பணம் போகும். எல்லாத் தெருவும் எல்லா வண்டியும் போகிற தெருவாக இருக்க வேண்டியதில்லை என்பது இதன் கருத்து.

அப்படியானால் அகலமான வீதியே கூடாது என்றாரா? இல்லை. நம் கோயில் நகரங்கள் அவரை மயக்கிவிட்டன. மதுரையில் கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வீதிகள் சுற்றி வருகின்றன. தேர் ஓடவும், சுவாமி புறப்பாட்டைப் பார்க்க ஜனங்கள் கூடி நிற்கவும் அமைந்த அகலம் அது. ஊர் கூடி இழுக்கிற தேருக்காக அகலமான வீதி, வீட்டு வாசலுக்குச் சந்து. வெள்ளைக்காரப் பொறியாளர்கள் பழைய ஊர்களில் குப்பையை மட்டும் பார்த்த காலத்தில், அங்கே ஒரு திட்டம் இருக்கிறது என்று பார்த்தவர் கெடிஸ். கோயில் நகரங்களைப் பற்றி 1919-ல் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ' பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார்.

ஒரே ஆண்டில் இரண்டு இடி

சென்னை மாகாணத்துக்குப் பிறகு பம்பாய் மாகாணம், லக்னோ, லாகூர், டாக்கா என்று அழைப்புகள் வந்தன. எல்லாமாகச் சுமார் 50 ஊர்களுக்கு அறிக்கை எழுதியிருக்கிறார். லாகூரில் மசூதி, கோயில், தர்மசாலை, கடை, வீடு என்று பார்க்காமல் துடைத்தெடுக்கும் திட்டம் ஒன்றைக் கண்டு கடுமையாக எழுதினார். அறிக்கை கேட்டவர்களையே அறிக்கையில் சாடுவது அவர் வழக்கம். அதனால் பல சிபாரிசுகள் அலமாரியிலேயே தூங்கின.

1917-ம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. கணவருக்கு உதவியாக இந்தியா வந்திருந்த ஆன்னா காய்ச்சலில் விழுந்தார். பட்டாளத்தில் சேர்ந்திருந்த மகன் அலாஸ்டர் ஏப்ரல் மாதம் பிரான்சு போர்முனையில் குண்டுபட்டு இறந்தான். தந்தி கெடிஸ் கைக்கு வந்தது. படுக்கையில் கிடக்கும் தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களைப் புதிதாக வந்தவை போலப் படித்துக் காட்டினார். ஜூன் மாதம் கல்கத்தாவில் ஆன்னா காலமானார். மகன் போன செய்தி அவருக்குக் கடைசி வரை தெரியாது.

ஒரு நாள் மகாராஜா

அந்தத் துக்கத்தோடுதான் அவர் இந்தூர் சமஸ்தானத்தில் வேலை செய்தார். ஹோல்கர் மகாராஜா துக்கோஜிராவ் அழைத்திருந்தார். ஊரில் பிளேக் நோய். தாடியும் தொப்பியுமாக வரைபடத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்த கெடிசைக் கண்டு ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். வீட்டை இடிக்க வந்தவர், பிளேக் நோயைக் கொண்டுவந்த கிழட்டுத் துரை என்று பயந்தார்கள். கூட வந்தவர் மூலம் இது கெடிசுக்குத் தெரிந்தது.

நேரே அதிகாரிகளிடம் போனார். ஒரு நாளைக்குத் தன்னை மகாராஜா ஆக்கும்படி கேட்டார். தீபாவளி ஊர்வலத்தைத் தன் இஷ்டப்படி நடத்தும் அதிகாரம்தான் அவர் கேட்டது. அது கிடைத்தது. உடனே ஊரில் அறிவிப்பு செய்தார். ஊர்வலம் இந்த ஆண்டு வழக்கமான பாதையில் போகாது. எந்தத் தெருக்களில் அதிகமான வீடுகள் சுத்தம் செய்து பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ, அந்தத் தெருக்கள் வழியாகத்தான் போகும்!

ஊரே எழுந்தது. தெருவுக்குத் தெரு போட்டி. வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு. குப்பை அள்ள இலவச வண்டிகள். 6,000 வண்டிக்கு மேல் குப்பை வெளியேறியதாகக் கணக்கு.

தீபாவளி அன்று யானை, ஒட்டகம், குதிரைப்படை என்று ஊர்வலம் புறப்பட்டது. வழக்கமான ராவணனுக்குப் பதிலாக அழுக்கு அரக்கன் உருவம். பக்கத்தில் பிளேக் நோயைப் பரப்பும் எலியின் பெரிய பொம்மை. பின்னால் லட்சுமி தேவியின் ரதம். அதற்குப் பின்னால் வந்தவர்கள்தான் ஊரை அசத்தினார்கள். வெள்ளைவெளேர் என்று புதுத்துணி உடுத்தி, புதுத் தலைப்பாகை கட்டி, மாலை சூட்டிய துடைப்பங்களோடு ஊரின் துப்புரவுத் தொழிலாளர்கள் நடந்து வந்தார்கள். அன்றுவரை யார் நிழல் பட்டாலும் ஒதுங்கிய தெருக்கள், அன்று அவர்களுக்கு வாழ்த்து முழங்கின. முடிவில் அரக்கனையும் எலியையும் வாணவேடிக்கையோடு கொளுத்தினார்கள். வீடுகளில் நட துளசிச் செடிகள் வழங்கப்பட்டன.

பிளேக் அடங்கியது. அதன் பருவமும் முடிகிற சமயம்தான். முழுப் பெருமையும் ஊர்வலத்துக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்திய ஜனங்கள் கதவைத் திறந்தார்கள். நோயைக் கொண்டுவந்த துரை, நோயை ஓட்டிய துரை ஆகிவிட்டார். துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கை ஒரு நாள் மாலையால் மாறிவிடவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், தெருவைக் காப்பவர்கள் யார் என்று ஓர் ஊருக்கு முன்னால் காட்ட 1917-ல் ஒருவர் துணிந்தாரே! இந்தூர் அறிக்கை 1918-ல் இரண்டு பாகங்களாக அச்சாயிற்று.

பம்பாயில்

1919-ல் பம்பாய் சர்வகலாசாலை சமூகவியல் துறையைத் தொடங்கி கெடிசை முதல் பேராசிரியராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது 64. நம் ஆபீசுகளில் பிரிவுபசாரம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் வயது.

பம்பாயில் அவர் கண்ட காட்சி என்ன? 1896-ல் பிளேக் வந்தபின் 1898-ல் அமைந்த பம்பாய் அபிவிருத்தி டிரஸ்டு, நெருக்கமான பகுதிகளை வெட்டித் திறந்து பிரின்சஸ் தெரு, சாண்டர்ஸ்ட் ரோடு போன்ற அகல ரோடுகளைப் போட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வீடு இழந்தார்கள். அதே டிரஸ்டுதான் வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் மனை பிரித்துப் புதுக் குடியிருப்பு அமைத்தது. சீமை எண்ணெய்க் கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் மாதுங்காவில் வேர் பிடித்தது அப்படித்தான். மரம் அடர்ந்த அந்தத் தெருக்களில் காலாற நடந்த சுகத்தை நம்மவர்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லுவார்கள். தெற்கே இடிபட்டவர்களில் எத்தனை பேருக்கு மாதுங்காவில் வாடகை கொடுக்க முடிந்திருக்கும் என்பதுதான் கெடிஸ் எழுப்பிய வகையான கேள்வி.

வகுப்பில் அவர் பேச்சு ஆறு போல ஓடும். தாடிக்குள் முணுமுணுப்பதால் பின்வரிசைக்குக் கேட்காது என்ற குறை உண்டு. ஒரு விஷயத்தில் தொடங்கிப் பத்து விஷயங்களுக்குத் தாவுவார். பிற்காலத்தில் இந்திய சமூகவியலில் பெரும் பெயர் பெற்ற குரியே, கெடிசின் சிபாரிசால் சீமைக்குப் படிக்கப் போனவர். 1924-ல் அதே துறையின் தலைமையை ஏற்றார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றையும் கெடிஸ் எழுதி 1920-ல் வெளியிட்டார். தாகூரோடு நட்பும் கடிதப் போக்குவரத்தும் இருந்தன.

கடைசி நாட்கள்

உடல்நலம் கெட்டு 1924-ல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டே டெல் அவிவ் என்ற வளரும் நகரத்துக்குத் திட்டம் வரைந்தார். வண்டிகள் ஓடும் பெரிய ரோடுகள் வெளிப்பக்கம். அவற்றுக்கு நடுவே வீட்டுக்குப் போகும் சிறு தெருக்கள். நடுவில் ஒரு சிறு தோட்டம். மோட்டார் கார் பெருகத் தொடங்கிய காலம் அது. தஞ்சாவூரில் இருந்த ஊரைக் காக்கச் சொன்னதையே, அங்கே மணல்மேட்டில் புதிதாகக் கட்டச் சொன்னார். அந்தப் பகுதிகள் பெரும்பாலும் அவர் வரைந்தபடியே எழுந்தன.

பிரான்சு நாட்டில் மோன்பெலியே நகரத்தில் மாணவர்களுக்காக ஒரு விடுதி கட்டி, அங்கேயே தங்கினார். 1932-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 77-ம் வயதில் காலமானார்.

இந்திய ஊர்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகள் சில பிரதிகளே அச்சாகி ஆபீசுகளில் தூசி படிந்து கிடந்தன. ஜாக்குலின் டிர்விட் என்ற பெண்மணி அவற்றிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து 1947-ல் லண்டனில் ஒரு புத்தகமாக வெளியிட்டார். தஞ்சாவூர்ச் சந்துகளின் வரைபடமும் அதில் இருக்கிறது.